மண்டை போன தென்னை

பொன்முடிக் காட்டுப்பாதையில் முன்னால் நடந்த மகள் நின்று கை காட்டினாள். பட்டுப்போன மரமொன்றை சிவப்புக் கொண்டை மரங்கொத்தி கொத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் சின்ன வயதில் வாழ்ந்த கொல்லயில் ஊருக்கே போய்விட்டேன்.

எங்கள் கிணற்றடித் தென்னை இடி விழுந்து மண்டை போய், பக்கத்து வீட்டுத் தங்கையன் மாமாவின் ஓட்டுக்கூரைப் பக்கம் சாய்ந்து நின்றது. "காத்தடிச்சா எனக்க வீட்டு மேலயாக்கும் விழும்" என்று மாமா காலைதோறும் வேலியோரம் வந்து சொல்வார். மழைக்கு முன் வெட்டிவிடலாமென்று அப்பா ஆள் அழைத்தார். ஏணி வைத்து ஏறியவர் வெட்டாமலே இறங்கினார்.

"பொந்துல மரங்கொத்திக் குஞ்சு உண்டு."

மாமா விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். கோபம்தான் என்று நினைத்தோம். திரும்பியபோது அவருடைய கிணற்றுக் கயிறு தோளில் கிடந்தது.

"அந்தப் பிலாவோட சேத்து கெட்டுவோம்" என்று கிணற்றுக்கு மறுபக்கம் நின்ற பலாமரத்தைக் காட்டினார். " குஞ்சு பறக்கட்டு."

அதன்பின் மாமி எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் கோரினார். காற்று பலத்தால் மாமா குடையோடு வந்து முடிச்சை இழுத்துப் பார்ப்பார். ஈரத்தில் தும்மிக்கொண்டே பொந்தையும் அண்ணாந்து பார்ப்பார். குஞ்சுகள் பறந்த பிறகுதான் தென்னை விழுந்தது, நாங்கள் வெட்டி.

மலையிறங்கி சிக்னல் வந்ததும் மரம் வெட்டுபவருக்கு ஃபோன் செய்தேன். அதியன்னூரில் என் வீட்டு முற்றத்துப் பட்ட மாமரத்தை வெட்ட மறுநாள் வருவதாக இருந்தார்.

"வெட்டண்டாம் அண்ணா. நல்ல கயிறு கொண்டு வாருங்க, பக்கத்து மரத்தோட சேத்துக் கெட்டணும்."

"ஏன், அதுல கூடு உண்டா?"

"இப்ப இல்ல. இனி வரும்."