இரைச்சல் நின்ற வளைவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை பதுளையிலிருந்து கொஸ்லந்தைக்கு நானும் அண்ணனும் புறப்பட்டோம். அடுத்த வாரம் அவன் வெளிநாட்டு வேலைக்குப் பறக்க வேண்டும்; அத்தையிடம் சொல்லிக்கொண்டு வரத்தான் இந்தப் பயணம். முன்னால் என் ஸ்கூட்டி, பின்னால் அவனுடைய பழைய மோட்டார் சைக்கிள். பேசிக்கொண்டே போக, இரண்டு ஹெல்மெட்டிலும் நான் பொருத்திய இன்டர்கொம்.

அண்ணனுடைய செட்டில் பேட்டரி செத்துப்போயிருந்ததால், பைக் பேட்டரியிலிருந்தே வயர் இழுத்துக் கொடுத்திருந்தேன். வந்தது வினை! பைக்கை ஸ்டார்ட் பண்ணியதுமே இருவர் காதிலும் 'ஙீ...' என்று ஓர் இரைச்சல். அக்சலரேட்டரை முறுக்கினால் அதுவும் ஏறும், விட்டால் இறங்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற எனக்கு இது மானப் பிரச்சினை. விதவிதமாக ஏர்த் கொடுத்துப் பார்த்தும் போகவில்லை.

"என்னா இன்ஜினியரம்மா, காதுக்குள்ள அரிசி மில்லு ஓடுது?" என்று பண்டாரவளை வரைக்கும் கிண்டல்.

"கொஸ்லந்த போறதுக்குள்ள நிப்பாட்டிக் காட்டுறேன், பாருண்ணே!"

ஹப்புத்தளையில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது, அந்த வயரை, இரைச்சலைக் கிளப்பும் இக்னிஷன் கொயில் பக்கத்திலிருந்து விலக்கி டேப் சுற்றிக் கட்டினேன். இரைச்சல் கொஞ்சம் தணிந்தது. இறக்கத்தில் மூடுபனி. கண்ணாடியில் அவன் லைட் தெரியவில்லை. காதில் இரைச்சல் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் அது சட்டென்று நின்றது. சுத்தமான அமைதி.

"அண்ணே, போயிருச்சு! சொன்னேன்ல?" என்று கத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று விளக்கவும் ஆரம்பித்துவிட்டேன். பதில் இல்லை. கிண்டல் பண்ணாமல் அவனால் இருக்க முடியாதே என்று தோன்றிய பிறகுதான் உறைத்தது. இன்ஜின் நின்றாலும் இரைச்சல் நின்றுவிடும்!

ஸ்கூட்டியைத் திருப்பினேன். அண்ணனின் பைக் ஈர மண்ணில் சறுக்கி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தது. அதன் அடியில் அவன் கால். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. இன்டர்கொம் வயர் பிய்ந்து தொங்கியது. என் சத்தம் கேட்டு, மேலே தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா ஓடி வந்தார்.

"சைலன்சர் சுடும்! அந்தப் பக்கம் புடி புள்ள!"

இருவருமாகத் தூக்கினோம். அவனை மேட்டில் உட்கார வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே, மரக்கறி லொறி ஒன்று அந்தக் கானை உரசிக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்து போனது. பிறகு அண்ணன் வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "என்னா, மில்லு நின்னுருச்சா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

கணுக்காலில் கட்டோடுதான் விமானம் ஏறினான். பைக் இப்போது என்னிடம். பிளக் கெப்பை ரெசிஸ்டர் உள்ளதாக மாற்றி, வயரில் ஒரு ஃபில்டரும் போட்டதில் முக்கால்வாசி இரைச்சல் போய்விட்டது. மிச்சத்தையும் போக்கத் தெரியும். வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறேன்.

போனில் அவன் குரல் தெளிவாகத்தான் கேட்கிறது. ஆனால் ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும், "அண்ணே, இருக்கியா?" என்று கேட்டுவிடுகிறேன். "இருக்கேன் புள்ள, மில்லு ஓடுது" என்று அங்கிருந்து பதில் வந்த பிறகுதான், அன்று பனிக்குள் திருப்பிய ஸ்கூட்டியை என் மனம் நிறுத்துகிறது.