வெல்லம் கலந்த தேன்

இருமலுக்கென்று மருமகள் இன்று மிளகுப்பொடியைத் தேனில் குழைத்து நீட்டியதும், காரிமங்கலத்துப் பெரியம்மா வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. அந்த வீட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அரைப்பரீட்சை லீவுக்கு அங்கேதான் போவோம். பனி இறங்கும் மார்கழி முழுக்கப் பெரியம்மா மகள் இருமிக்கொண்டே இருப்பாள். அவளுக்காக வத்தல்மலைப் பெரியவர் ஒருவர் சந்தைக்கு வரும்போது கொண்டுவந்து தந்த தேனை நான் தினமும் திருட்டுத்தனமாக விரலால் வழித்துத் தின்று, குறைந்ததை வெல்லப்பாகு ஊற்றி நிரப்பிவைத்தேன்.

இருமல் நிற்கவில்லை. அடுத்த சந்தைக்கு அவர் வந்ததும் பெரியம்மா புட்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"வெல்லத்தக் கலந்து ஏமாத்திட்டியே!"

அவர் தொட்டு நக்கிப் பார்த்தார். "இது நான் குடுத்ததில்லீங்கம்மா. பாப்பா, நீ அன்னிக்கு நக்கிப் பாத்தியே, சொல்லு சாமி."

எனக்கு ஒன்பது வயது. "இதே மாதிரிதான் இருந்துச்சு பெரியம்மா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கொழந்த பொய் சொல்லாதுங்க. நாந்தான் எங்கியோ தவறிட்டேன் போலிருக்குது" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.