காதுக்கொரு மாமன்

கோட்டையில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம் அது. இப்போது அங்கே வேறு கொடி. எனக்கு எந்தக் கொடியும் கனவில் வருவதில்லை. எங்கள் வாசல் நிறைய ஆட்கள் உட்கார்ந்து சோறு தின்ற ஒரு பகல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கனவில் ஏரி எங்கள் வாசல்வரை வந்துவிடும். சொந்தக்காரர்கள் தண்ணீர்மேல் நடந்து வந்து பந்தியில் உட்காருவார்கள். யார் காலும் நனைந்திருக்காது.

எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என்னைப் பெற்றவர் கடலோடு போனார். கைக்குழந்தையான என்னோடு அம்மா, மனைவியை இழந்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அறுத்துக் கட்டுவது எங்களுக்குள் வழக்கம்தான். அவரைத்தான் நான் நைனா என்று கூப்பிட்டேன். அவருக்கு ஏற்கெனவே பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் கடைசிப் பெண் என்னைவிடச் சில மாதம் பெரியவள், அதனால் அக்கா. பிறகு அம்மாவுக்கும் நைனாவுக்கும் பொதுவாகவும் பிள்ளைகள் பிறந்தார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்ட குடும்பம் என்று ஊரில் கேலி. கேலி பேசிய வாய்களெல்லாம் எங்கள் வீட்டு விசேஷத்தில் முதல் பந்திக்கே வந்துவிடும்.

நைனா, கரையிலிருந்து கப்பலுக்குத் துணி மூட்டை ஏற்றிப்போகும் படகில் துடுப்புப் போட்டார். ஒருமுறை சாயம் பிசகியது என்று கோட்டையில் கழித்துப்போட்ட சிவப்புக் கட்டத் துணி ஒரு பாகம் அவருக்குக் கிடைத்தது. அம்மா அதையே கிழித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் உடுத்திவிட்டாள். "எது யார் பெத்ததுனு பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது" என்றாள். அவள் நினைத்தது நடந்தது. நடந்த விதம்தான் அவள் நினைக்காதது.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே நாளில் காது குத்துவதென்று முடிவாயிற்று. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். எனக்குப் பக்கத்துக் குப்பமான தோணிரேவில் மாமன் இருந்தார். அக்காவின் மாமனோ ஏரிக்கு நடுவே ஒரு தீவில் இருந்தார். தன் தங்கை வாழ்ந்த வீட்டில் வேறொருத்தி தாலியோடு நடமாடுவதைப் பொறுக்காமல், "அந்த வூட்டுப் பச்சத்தண்ணி கூட என் தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டுப் போனவர். அப்போது அக்கா தவழ்கிற குழந்தை. அதன்பின் அவர் எங்கள் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா அவருக்கு வெற்றிலை பாக்கு அனுப்பினாள். பதில் வரவில்லை.

"எங்க மாமா மடியிலதான் குந்துவேன். இல்லாட்டி எனக்குக் காதே குத்த வேணாம்" என்று அக்கா சொல்லிவிட்டாள். நைனா அதட்டப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

காதுகுத்து நாளன்று காலையிலிருந்தே படகுகள் வந்தன. ஏரியும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. தூரத்தில் பூநாரைகள் நின்ற இடம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. அண்டாவில் இறால் வெந்தது. செத்துப்போன என் அப்பாவின் அக்காள்கூட வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக, குழம்பில் உப்பு பற்றவில்லை என்று நைனாவோடு சண்டைக்கு நின்றாள். கூடப்பிறந்தவனோடு போடுகிற சண்டை அது. நைனாவும் சிரித்துக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டார். எனக்கு அன்று சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

எங்கள் இருவருக்கும் மொட்டை அடித்துச் சந்தனம் பூசி, அந்தச் சிவப்புக் கட்டத் துணியையே உடுத்திவிட்டார்கள். அக்கா உடனே ஏரிக்கரைக்கு ஓடிப்போய் நின்றுகொண்டாள். நேரம் போகிறதென்று காது குத்த வந்த பத்தர் முனகினார். என் மாமன் குளிக்கப் போயிருந்தார். நான் மனையில் உட்கார்ந்து காப்பரிசியை வாய்கொள்ளாமல் அடைத்துக்கொண்டிருந்தேன்.

காற்று எதிர்த்ததால் அக்காவின் தீவு மாமன் படகை வேறு துறையில் விட்டுவிட்டு, வீட்டின் பின்பக்கமாக வந்திருக்கிறார். உயரமான ஆள். யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து தூக்கினார். "அப்படியே என் தங்கச்சி மூக்கு" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தங்கச்சிக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்தம் சம்பந்தமில்லை. மடியில் எந்தப் பிள்ளை என்று ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் வந்துவிட்டாரே என்றுதான் வாயைப் பிளந்து நின்றார்கள். என் வாயில் காப்பரிசி. பத்தர் குத்திவிட்டார்.

நான் போட்ட கூச்சலில் கரையிலிருந்து அக்கா ஓடிவந்தாள். "அது எங்க மாமா!" என்று அலறினாள். அதற்குள் ஈரத்துணியோடு என் மாமனும் வந்து சேர்ந்தார். "இன்னாயா, என் மருமவ காத நீ குத்தினுகீற?" என்று எகிறினார். தீவுக்காரர் என்னையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். மடியிலிருந்து என்னை இறக்கவும் தோன்றவில்லை, இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று எல்லாருக்கும் பயம். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். தீவுக்காரர் முகத்தைப் பார்க்காமல் தன் தம்பியிடம்தான் பேசினாள். "ஒரு காதுதானே ஆச்சு? இன்னொரு காது கீதே, அத நீ குத்து."

முதலில் சிரித்தது உப்புச் சண்டைக்காரிதான். பிறகு வாசலே சிரித்தது. என் இடது காது என் மாமன் மடியில் ஆயிற்று. அக்கா தன் மாமன் மடியில் ராணிபோல் உட்கார்ந்து, அழாமல் ஒரு காதைக் கொடுத்தாள். மறுகாதுக்கு ஊசியை எடுத்தபோது எழுந்துவிட்டாள். "அவளுக்கு மட்டும் ரெண்டு மாமாவா? எனக்கும் வேணும்" என்று போய் என் மாமன் மடியில் ஏறிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து இலை போட்டார்கள். தீவுக்காரர் மட்டும் பந்தலோரம் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. அம்மா குழம்புச் சட்டியோடு அவரைக் கடந்து போனாள்.

"தங்கச்சி" என்றார்.

அம்மா திரும்பவில்லை. அந்த வார்த்தை தனக்கானது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"உன்னத்தாம்மா. கொஞ்சம் தண்ணி குடு."

அம்மா சட்டியை அப்படியே தரையில் வைத்தாள். சொம்போடு ஓடிவந்ததில் பாதித் தண்ணீர் கொட்டிவிட்டது. அவர் அண்ணாந்து குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே எல்லாரும் பார்த்தோம். குடித்து முடித்துச் சொம்பை மறுபடி நீட்டினார்.

"பத்தல" என்றார்.