மனுவுக்குள் ஏறிய மடை

எனக்குத் தலைக்கனம் உண்டு. தொண்ணூறுகளின் பின்பாதியில், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில், ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து டைப்பிங் கடை நடத்தியவள் நான். தட்டச்சு வகுப்பில் படித்தது. கம்ப்யூட்டர் மட்டும் நானே தட்டித் தடுமாறிக் கற்றுக்கொண்டது. கனம் அதனால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை காலையில், பரளச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா படியேறி வந்தார். நாற்பது வயது இருக்கும். அவர்கள் ஊர்க் கண்மாயில் மடை உடைந்து கிடந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெருகுகிற தண்ணீரெல்லாம் தை பிறக்கும் முன்பே அந்த உடைப்பு வழியாக ஓடிவிடும். இரண்டு வருஷமாக அவருடைய மிளகாய் பூத்த கையோடு காய்ந்து போயிருந்தது. இந்த வருஷமும் காய்ந்தால் நிலத்தை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடலாம் என்று வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லியிருந்தார்.

"நா போக மாட்டேன். அதுக்குத்தேன் இந்த மனு" என்றார் அக்கா.

மடையைக் கட்டித் தரச் சொல்லி ஏற்கெனவே இரண்டு மனு அரசு அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் தடவை மடையின் போட்டோவைக் குண்டூசியால் குத்தி வைத்தார்கள், அடுத்த தடவை பசை போட்டு ஒட்டினார்கள். இரண்டு தடவையும் அந்த அலுவலகத்தில் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதற்குள் போட்டோ காணாமல் போயிற்று. ஆதாரம் இல்லை என்று மனு திரும்பி வந்தது. மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலைகளுக்கு வரும் திங்கட்கிழமையோடு மனு வாங்குவதை நிறுத்துகிறார்களாம்.

"பிய்க்கவே முடியாத மாதிரி ஒட்டித் தர முடியுமா தங்கச்சி?"

கடிதம் அடிக்கும் மென்பொருளில் இன்செர்ட் என்று ஒரு பட்டியல் உண்டு. அதைத் திறந்தால் பிக்சர் என்று ஒரு வரி இருக்கும். அதுவரை அதை வைத்து நான் காதுகுத்துப் பத்திரிகைகளில் பூவும் விளக்கும் போட்டதோடு சரி. "ஒட்டவே வேணாங்க்கா. எழுத்தோட எழுத்தா படமும் அச்சாகி வரும்" என்றேன் பெருமையாக.

ஸ்கேனர் மதுரையில் இருந்தது, படம் தெளிவாக விழுகிற லேசர் பிரிண்டர் விருதுநகரில். அன்றே மதுரைக்குப் போய் மிச்சமிருந்த ஒரு போட்டோவை ஃபிளாப்பியில் வாங்கி வந்து என் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். படத்தை மனுவில் நுழைத்ததும் கோப்பு ஊதிப்போய் ஃபிளாப்பிக்குள் அடங்க மறுத்தது. படம் நுழைக்கும் பெட்டியின் ஓரத்தில் 'லிங்க்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் டிக் போட்டேன், கோப்பு ஒரேயடியாக இளைத்துவிட்டது. திரையில் படமும் அப்படியே நின்றது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அக்காவும் நானும் விருதுநகரில் இறங்கினோம். பிரிண்டர் கடைக்காரர் ஃபிளாப்பியைப் போட்டுத் திறந்தார். எழுத்தெல்லாம் சரியாக இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம், அதன் மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி.

அக்கா குனிந்து பார்த்தார். "அங்கதேன் தொலஞ்சுச்சு. இங்கயுமா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து தோண்டிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்த டிக்கைப் போட்டால் படம் மனுவுக்குள் வராது. அது எந்தக் கம்ப்யூட்டரில் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் வரும். படம் பத்திரமாக அருப்புக்கோட்டை மாடியில் இருந்தது. "நாளைக்கிப் பூசை முடிஞ்சு ஒரு மணி நேரம் கடையத் தொறக்கேன், வாங்க" என்றார் கடைக்காரர். பஸ் பிடித்து அருப்புக்கோட்டைக்குத் திரும்பினோம்.

மாடிக்கு வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி நுழைத்தேன். கோப்பு பழையபடி ஊதியது. படத்தைக் கருப்பு வெள்ளையாக்கியும் இடம் பற்றவில்லை. அப்போதுதான் அந்தப் போட்டோவை ஒழுங்காகப் பார்த்தேன். முக்கால்வாசிப் படத்தில் ஊர்த் தலைவரும் அவருடைய ஆட்களும் கைகட்டி நின்றார்கள். மடை ஒரு மூலையில் கிடந்தது.

"இவுகள வெட்டிறலாமாக்கா?"

"அவுக வெள்ளாமையா காயுது? வெட்டு தங்கச்சி."

தலைவரும் அவருடைய மீசையும் போனார்கள். சரிந்த கல்லும், ஆள் கை நுழைகிற உடைப்பும் மட்டும் மிஞ்சின. கோப்பு ஃபிளாப்பிக்குள் அடங்கியது. இந்தத் தடவை என்னை நானே நம்பவில்லை. பக்கத்துத் தெரு இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடி, அவர்கள் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். மடை அங்கேயும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அச்சடித்துவிட்டோம்.

திங்கட்கிழமை அக்காவோடு நானும் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. மனுவை வாங்கியவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போட்டோ எங்கம்மா?"

"அதுலயே இருக்குங்க சார்."

அவர் படத்தின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். அது வரவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

பத்துப் பதினைந்து நாளில் ஒரு இன்ஜினியர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நின்றாராம். முதல் மழைக்குள் மடையைக் கட்டிவிட்டார்கள்.

மாசியில் ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். கண்மாயில் தண்ணீர் கிடந்தது. அக்கா வரப்பில் நின்றார். அவருடைய வீட்டுக்காரர் மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கடைசிப் பாத்தியும் நனைந்த பிறகு, "போதும், அடைங்க" என்று கரைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். கரையில் நின்றவர்கள் மடைப் பலகையை இறக்கினார்கள். நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கர்வத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.