மதினிக்கு வாசித்த புலம்பல்

என் அண்ணனின் வள்ளம் தனுஷ்கோடிக்கு அப்பால் உடைந்து கரை ஒதுங்கியது. அண்ணன் ஒதுங்கவில்லை. ஊர் ஆட்கள் கடலில் தேடிச் சலித்துவிட்டுத் தொழிலுக்குத் திரும்பினார்கள். உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. மாதா கோயிலில் பூசை மட்டும் வைத்தார்கள்.

மதினிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. துக்கம் கேட்க வந்த பெண்கள் எல்லோரும் ஆண்டவர் சித்தம் என்றார்கள், மோட்சத்தில் இருப்பான் என்றார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்மா ஊட்டிவிட்டால் இரண்டு வாய் வாங்குவாள், அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் நான் பைபிளை எடுத்தபோது வாய் திறந்தாள்.

"ஆறுதல் சொல்றதா இருந்தா வேணாம் புள்ள. மூடி வை."

அவளுக்குப் படிக்க வராது. நான் மூடாமல், ஆறுதல் சொல்லாத ஒன்றாகப் பழைய ஏற்பாட்டில் 'புலம்பல்' என்ற பகுதியைத் தேடி எடுத்து, எருசலேம் அழிந்த பிறகு ஒருவன் அழுத அழுகையை வாசித்தேன். மண்ணில் அமிழ்ந்த வாசல்கள், தாகத்தில் சுருண்ட பிள்ளைகள், எதிரியைப் போல வில்லை வளைத்து நிற்கிற ஆண்டவர்.

"ஆண்டவரைப் பாத்தா இப்படிச் சொல்றான்?"

"ஆமா மதினி."

"அதைப் பைபிள்லயே எழுதி வச்சிருக்காகளா?"

"வச்சிருக்காக."

அவள் நகர்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாதியை நெருங்கும்போது ஓர் இடம் வந்தது. ஆண்டவரின் இரக்கம் இன்னும் தீர்ந்துவிடவில்லை, விடிகிற ஒவ்வொரு காலையிலும் அது புதிதாக வருகிறது என்று அதே ஆள் சொல்கிறான். நல்ல இடமாக இருக்கிறதே என்று அங்கேயே நிறுத்தினேன்.

"அத்தோட முடிஞ்சிருச்சா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்ல மதினி. இது நடுவுலதான் வருது. பெறகும் அழுகைதான். எங்களை ஒரேடியா வெறுத்துட்டியான்னு கேட்டு முடிக்கிறான்."

"அவரு பதில் சொன்னாரா?"

"அங்கன ஒண்ணும் எழுதல."

"அப்ப அவனுக்கும் வலிச்சிருக்கு. வலிச்சுக்கிட்டே இரக்கம் தீரலன்னும் சொல்லியிருக்கான்" என்றாள். பிறகு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து, கதவருகிலேயே நின்றுவிட்டாள். மதினி அழுது ஓய்ந்ததும், "மிச்சத்தையும் வாசி" என்றாள். வாசித்தேன்.

அவள் தேறிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். கடல் அண்ணனைத் திருப்பித் தரவில்லை. ஆனால் அடுத்த மாதம், நான் வேலை பார்த்த இறால் கம்பெனிக்குத் தானும் வருவதாகச் சொன்னாள். சில நாள் அவளே எழுந்து தலை சீவிக்கொண்டு எனக்கு முன்னால் தெருவில் நிற்பாள். பல நாள் பாயைவிட்டு எழவே மாட்டாள்; அன்று நான் தனியாகப் போவேன்.