கதவைத் தட்டிப் பார்த்தவர்

விருதுநகரில் சின்னக் கார் வாங்கப் போன இடத்தில்தான் அந்தச் சிவகாசிப் பட்டாசு முதலாளியைப் பார்த்தேன். கஞ்சி மொடமொடக்கும் வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு காரின் கதவையும் மோதிர விரலால் தட்டி, பெரிய டாக்டர் மாதிரிக் காதை வைத்துக் கேட்டார்.

"எம்புட்டு ஆனாலும் ஆறு ஏர்பேக் இருக்கிறதா எடுங்க சார். எம் மகளுக்கு அதுதான் எடுக்கேன். உயிரு முக்கியம்ல" என்றார் என்னிடம். நல்ல மனிதர் என்று நானும் நினைத்துத் தொலைத்தேன்.

அடுத்து விற்பனையாளரிடம், "ரெண்டே ஏர்பேக் உள்ளதுல ஒண்ணு சேத்துப் போடுங்க. நம்ம ஆலை போர்மேனுக்கு தீபாவளி சீசன் பரிசு" என்றார்.

"அவருக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்டேன்.

"வெடிமருந்துக்குள்ளயே இருபது வருசமாக் கெடக்கான் சார். அவனுக்கு என்ன ஆயிரப் போகுது?" என்று சிரித்தார்.

அந்த இரண்டாவது காரின் கதவை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவே இல்லை.