தாயின் பெயர்: ஒன்று

"உங்களுக்கு போன் நம்பர் ஒண்ணா, ரெண்டா?"

லிஃப்ட் கதவு மூடுவதற்குள் அக்கா கேட்டுவிடுவார். காவலாளி, கேண்டீன்காரர், கூரியர் கொண்டு வருபவர் என்று யாரும் தப்ப முடியாது. "இங்க ஒரு வீடு, ஊர்ல ஒரு வீடா? அப்ப விலாசம் ரெண்டு. சரி, போங்க." ஒருவர் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், "வீட்டுல கூப்பிடற பேரா, பள்ளிக்கூடத்துப் பேரா?" என்று குறுக்கே விழுவார். இவர் வருவதைப் பார்த்து மாடிப்படிப் பக்கம் நழுவியவர்கள் பலர். அவர்களில் நானும் ஒருவன்.

அலுவலகத்தில் இவர் 'கட்டம் அக்கா'. அது தேய்ந்து இப்போது கட்டக்கா. எல்லோருடைய போனிலும் வரப்போகும் டிஜிட்டல் அடையாள அட்டையில் ஒரு மனிதரைப் பற்றி என்னென்ன கட்டங்கள் இருக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் எதை நிரப்பலாம் என்று தீர்மானிப்பது இவர் வேலை. ஒவ்வொரு கட்டத்தையும் கேள்வி கேட்டே துளைத்துவிடுவார்: கட்டாயமா? மாறுமா? ஒன்றா, பலவா? 'கண் நிறம்' வந்தபோது ஆளாளுக்கு முகத்துக்கு நேரே வந்து நின்று உற்றுப் பார்த்தார். எங்கள் கணக்காளர் கூச்சப்பட்டு லீவு போட்டுவிட்டார்.

பயம் இவர் கூடவே பிறந்தது. ஒரு கட்டத்தை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்; பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி திறப்பார். "இதுல அடங்காத ஆளு ஒருத்தர் எங்கயாவது இருப்பாருப்பா. கவுன்ட்டர்ல போய் நிப்பாரு, ஸ்கிரீன் தப்புன்னு செவப்பா காட்டும். தப்பு அவரோடதா? என்னோடது." கடித்துக் கடித்து, இவர் மேசையில் முழு மூடியோடு ஒரு பேனாகூடக் கிடையாது.

அதற்காக இளகிய மனசு என்று நினைத்துவிடாதீர்கள். முகம் தெரியாத யாருக்காகவோ உருகுவார்; தனக்காக என்று கேட்டு வருபவரிடம் கறார். எங்கள் டிரைவர் பெயர் மாற்றிக்கொண்டவர். பழைய பெயரும் அட்டையில் இருந்தால் நல்லது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, உங்க ஒருத்தருக்காகக் கட்டத்தைத் திறக்க முடியாது. வீட்டுக் கதைய வாசல்லயே விட்டுட்டு வரணும்." எனக்கே அது அதிகப்படியாகத்தான் பட்டது. டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

சில நாட்களாக அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, கிளறி, அப்படியே மூடிவிடுகிறார். என்ன என்று கேட்டேன்.

"என் பொண்ணு நான் பெத்தது இல்லடா. தங்கச்சியோடது. அவ தவறிப் போனப்போ குழந்தைக்குப் பல்லுகூட முளைக்கல. தத்தெடுக்குற ஆர்டர் இப்பதான் வரப்போகுது." பேனாவைக் கடித்தார். "தாயின் பெயர்ல ஒண்ணுதான் நிக்கும். என் பேரப் போட்டா அவ பேரு அழிஞ்சிடும். அவ பேரே இருந்தா, ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போடப் போறப்ப 'நீங்க யாரு?'ம்பாங்க. அந்த 'ஒண்ணு'ன்னு எழுதினது யாரு தெரியுமா? நான்தான்."

"'பல'ன்னு மாத்திட வேண்டியதுதானேக்கா?"

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. டிரைவர் அண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?"

அவர் சொல்வது நியாயமாகவும் இருந்தது, அநியாயமாகவும் இருந்தது.

நேற்று கட்டங்களை இறுதி செய்யும் கூட்டம். இதில் பூட்டியதை இனி எளிதில் திறக்க முடியாது. மேலாளர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். பிறந்த தேதி முடிந்தது. பிறந்த இடம் முடிந்தது. அக்கா என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தாயின் பெயர். கட்டாயம். ஒன்று." மேலாளர் நிமிர்ந்தார். "யாராவது ஏதாவது சொல்லணுமா? வீட்டுக் கதை தவிர."

அக்கா டிரைவரிடம் சொன்னது அலுவலகம் முழுக்கப் பரவியிருந்தது; சிலர் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் மற்றவர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். மேலாளரின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

அக்காவின் வலது கை மேலே போனது. இறங்கிவிடாதபடி, இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.